பொருளுக்கு வரையறை, வாழ்வுக்கு வளர்ச்சி



இல்லறத்தார்க்கு உரிய விரதங்கள் 12. அவற்றுள் ஐந்தாம் அணுவிரதம் மிகுபொருள் விரும்பாமை. நிலமும் பொன்னும் இவ்வளவே போதும் என வரையறுத்துக் கொள்வது அது. அவ்வாறு வரையறுத்தவர்க்கே நேரம் மிஞ்சுகிறது. கற்கவும், தானம் செய்யவும், உடலைப் பேணவும் அந்நேரமே முதல். ஒரு சாமாயிகத்திற்கு வேண்டுவது 48 நிமிடம். வந்தவாசி, திண்டிவனப் பகுதிகளிலிருந்து சென்னையில் குடியேறிய நம் பிள்ளைகள் பலர் அதைவிட நெடுநேரம் பேருந்தில் நிற்கிறார்கள்! அவர்களைக் குறைகூறவில்லை, பொருளீட்டலும் இல்லறக் கடமையே. ஆயினும் ஊதிய உயர்வைத் தவறாமல் விசாரிக்கும் நாம், இவ்வாண்டு எந்த நூலைக் கற்றாய், ஊரிலுள்ள பாட்டியுடன் எத்தனை நாள் தங்கினாய் என்று விசாரிப்பதில்லை. தசலட்சண பருவத்தின் இப்பத்து நாள்களுக்குள் இவ்விரு வினாக்களும் நம் இல்லங்களில் எழட்டும். முதலில் விடை கூறவேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே.