செயலியைச் சோதிக்க வந்தால் குறையைச் சொல்லுங்கள்

விவசாயிகளுக்கென்று கைப்பேசிச் செயலி செய்கிற கம்பெனிக்காரர்கள் சில சமயம் கிராமத்துக்கே வருகிறார்கள். "அய்யா, இதைக் கொஞ்சம் பயன்படுத்திப் பாருங்க, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். அப்படி உங்கள் ஊருக்கு வந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இதற்குப் பயன்பாட்டுச் சோதனை என்று பெயர். பெயர் புதிதே தவிர, விஷயம் நமக்குப் பழக்கமானதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் எஸ்.வி.பி.ஆர். 2 பருத்தியைத் தந்தது. அருப்புக்கோட்டை நிலையம் ஏ.பி.கே. 1 உளுந்தைத் தந்தது. ஒரு புது ரகம் வெளிவருமுன் விவசாயிகளின் நிலத்திலேயே திடல் போட்டுப் பார்ப்பார்கள். அங்கே மார்க் ரகத்துக்குத்தான், சம்சாரிக்கு அல்ல. செயலிச் சோதனையும் அப்படியே. சோதிக்கப்படுவது செயலி, நீங்கள் அல்ல.

சோதனை எப்படி நடக்கும்? கைப்பேசியைக் கையில் கொடுத்து ஒரு வேலை சொல்வார்கள். "இன்றைய வத்தல் விலையைப் பாருங்க" என்பார்கள். "மக்காச்சோள இலையைப் படம் எடுத்து, என்ன பூச்சின்னு கேளுங்க" என்பார்கள். பிறகு பேசாமல் உட்கார்ந்து கவனிப்பார்கள். உங்கள் விரல் எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லைப் பார்த்து முழிக்கிறீர்கள் என்று குறித்துக் கொள்வார்கள். நீங்கள் திணறுகிற இடம்தான் அவர்கள் திருத்த வேண்டிய இடம். அதைத் தேடித்தான் அவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

ஆனால் நம்ம ஊர் வழக்கம் என்ன? வந்தவர் மனம் நோகக் கூடாது. மோரும் தண்ணியும் கொடுத்து, "ரொம்ப நல்லா இருக்குங்க தம்பி" என்று சொல்லி அனுப்பி விடுவோம். இது நம்ம ஊரில் மட்டும் நடப்பதல்ல. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் இந்திய ஆராய்ச்சிக் கூடத்தாரும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தாரும் பெங்களூரில் 450 பேரிடம் பேட்டி எடுத்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பொருளும் ஒன்றே போல இருந்தாலும், "இது பேட்டி எடுப்பவர் செய்தது" என்று நினைத்த பொருளையே நல்லது என்று சொல்வது சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளரோடு வெளிநாட்டுக்காரர் வந்து கேட்டபோது அது ஐந்து மடங்கானது. வேண்டுமென்றே மட்டமாக்கிய பொருளைக் காட்டியபோதும் அதையே நல்லது என்றார்கள்!

இந்த மரியாதையால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். மக்காச்சோளத்தில் படைப்புழு சின்னதாக இருக்கும்போதே மருந்து அடித்தால்தான் பலன். புழு வளர்ந்து குருத்துக்குள் போய்விட்டால் மருந்து எட்டாது. அந்த நேரத்தில் செயலியில் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் இரண்டு நாள் போனால், போவது நம் மகசூல். "விவசாயிகள் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்று கம்பெனியின் காகிதத்திலே மட்டும் எழுதியிருக்கும்.

உண்மையாகச் சோதனை செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு குஜராத்திலே ஓர் உதாரணம் உண்டு. ஐ.பி.எம். கம்பெனியின் இந்திய ஆராய்ச்சிக் கூடமும், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தாரும், ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து, போன் மூலம் விவசாயச் செய்தி கேட்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். அதிலே வாயால் பதில் சொல்வது சுலபமா, எண் பொத்தானை அழுத்துவது சுலபமா என்று 45 விவசாயிகளை வைத்துப் பார்த்தார்கள். படிக்காதவர்களுக்குப் பேசுவதுதானே சுலபம் என்று நாம் நினைப்போம். 2009இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. பொத்தானை அழுத்தியவர்களே வேலையை அதிகமாக முடித்தார்கள். எட்டாம் வகுப்புக்குக் கீழே படித்தவர்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பிறகு 51 விவசாயிகள் அந்த ஏற்பாட்டை ஏழு மாதம் பயன்படுத்தினார்கள். எல்லாவற்றையும் விட அவர்களுக்குப் பிடித்தது, கேள்வி கேட்பதும் மற்ற விவசாயிகளின் கேள்வி பதிலைக் கேட்பதும்தான். நகரத்து மேசையில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

நம் மாவட்டத்திலும் நாம் சொன்னால்தான் தெரியும் என்கிற விஷயங்கள் உண்டு. கரிசல் காட்டு உச்சி வெயிலில் கைப்பேசித் திரை தெரியாது. செயலி ஹெக்டேர் என்று கேட்கும். நாம் ஏக்கர், குறுக்கம் என்போம். மிளகாய் என்று ஒரே பெயர் போட்டிருப்பார்கள். நமக்குச் சம்பா வத்தல் வேறு, முண்டு வத்தல் வேறு, விலையும் வேறு. முக்கியமாக ஒன்று. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காடு வைத்திருக்கும் குடும்பங்களில் பலர் பட்டாசு ஆலைக்கும் போகிறார்கள். வேலை செய்யும் அறைக்குக் கைப்பேசி கொண்டு போகக் கூடாது. அது உயிர்க் காவல். "மழை வருது, வத்தலை அள்ளுங்க" என்று பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்தி வந்தால் அவர்கள் பார்ப்பது சாயங்காலம்தான். காலையில் கிளம்புமுன் வந்தால் பலன். சொல்லாமல் இது யாருக்குத் தெரியும்?

ஆகவே கவனிக்க வேண்டியவை.

ஒன்று: மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். "இது என்னன்னு புரியலை", "இதை அழுத்தினா காசு போயிருமோன்னு பயமா இருக்கு" என்று அப்படியே சொல்லுங்கள்.

இரண்டு: மகனையோ பேத்தியையோ செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்க வேண்டாம். பெரியவர்களும், காட்டு வேலை பார்க்கும் பெண்களும் உட்கார வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரே கைப்பேசி என்றால் அதையும் சொல்லுங்கள்.

மூன்று: எந்தக் கம்பெனி, எதற்காக, எவ்வளவு நேரம், படம் பிடிப்பீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். அரை நாள் கூலி போகிறது என்றால் அதற்கு என்ன தருவீர்கள் என்று கேட்பதிலும் தப்பில்லை. பிடிக்காவிட்டால் பாதியிலே எழுந்து போகலாம்.

நான்கு: சோதனைக்கு ஓ.டி.பி. எண்ணோ, ஏ.டி.எம். ரகசிய எண்ணோ தேவையே இல்லை. கேட்டால் அது சோதனை அல்ல, மோசடி. பணம் பறிபோனால் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், விவரம் எதற்கென்று சொல்லிச் சம்மதம் பெற்றே வாங்க வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. புரியாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வந்தவருக்கு மோர் கொடுங்கள். கூடவே குறையையும் சொல்லுங்கள். அவர் நல்ல சோதனைக்காரர் என்றால், குறை கேட்டு முகம் சுளிக்க மாட்டார். நோட்டைத் திறந்து எழுதுவார். நீங்கள் சொல்லும் ஒரு குறை, நாளைக்கு அந்தச் செயலியைத் திறக்கப் போகும் அத்தனை சம்சாரிகளுக்கும் உதவும்.