ஒரே ராஜ்யம், இரண்டு அரசர்கள்: போசளர் பாகப்பிரிவினையும் கோலார்ச் சீமையும்



நம் கோலார் தங்கவயல் ஊரிகத்தில் சரித்திரம் பேசச் சொன்னால் எவரும் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததில் தொடங்கி, 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியதில் முடிப்பார்கள். அந்தக் கதையை என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள். நான் அதற்கும் அறுநூறு ஆண்டு பின்னே போகிறேன்.

1254இல் போசள மன்னன் சோமேசுவரன் தான் உயிரோடு இருக்கும்போதே ராஜ்யத்தைப் பாகம் பிரித்தான். பழைய தலைநகர் துவாரசமுத்திரம் ஒரு மனைவியின் மகன் மூன்றாம் நரசிம்மனுக்கு. சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரும் தமிழ்ப் பகுதியும் இன்னொரு மனைவியின் மகன் ராமநாதனுக்கு. கோலார்ப் பக்கமும் ராமநாதன் கையில்தான் இருந்தது.

அண்ணன் தம்பி அரியணைச் சண்டை அந்தக் காலத்தில் உலகெங்கும் நடந்ததுதான். டென்மார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டேனிஷ்காரர் என்றால் நமக்குத் தரங்கம்பாடிதான் நினைவுக்கு வரும். அவர்கள் அங்கே வந்தது 1620இல். அவர்களுடைய சொந்த நாட்டில், நம் பாகப்பிரிவினைக்கு நான்கே ஆண்டு முன், 1250இல் எரிக் மன்னனை அவன் தம்பி ஏபெலின் ஆட்கள் கொன்றார்கள். தனக்குச் சம்பந்தமில்லை என்று 24 பிரபுக்களோடு சத்தியம் செய்துவிட்டு ஏபெல் முடிசூடினான். இரண்டே ஆண்டில் அவனும் போரில் மாண்டான். அதற்கும் முன்னால் 1157இல் ஸ்வென், க்னுட், வால்டமார் என்ற மூன்று உறவினர்கள் நாட்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். சமாதான விருந்திலேயே ஸ்வென்னின் ஆட்கள் க்னுட்டைக் கொன்றார்கள். காயத்தோடு தப்பிய வால்டமார் சில வாரங்களில் ஸ்வென்னைப் போரில் தோற்கடித்தான், தப்பி ஓடிய ஸ்வென் கொல்லப்பட்டான்.

நம் சகோதரர்கள் ஒருவரை ஒருவர் கொல்லவில்லை. ஆனால் சண்டை ஒரு தலைமுறைக்கு இழுத்தது. பாண்டியன் குலசேகரன் 1279 வாக்கில் கண்ணனூரைப் பறித்ததும் ராமநாதன் மலையேறி வந்து, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியைத் தலைநகராக்கினான். பெங்களூர், தும்கூர்ப் பக்கங்களில் அண்ணனின் நிலத்தையும் பிடித்தான். பாடநூல்கள் அவனைத் தோற்றவன் என்று ஒரு வரியில் தள்ளிவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைநகரை இழந்த பிறகும், வடக்கே அண்ணன், தெற்கே பாண்டியன் என்று இருபுறமும் பகை நெருக்க, சாகும்வரை ராஜாவாகவே இருந்தவன் அவன். 1295 வாக்கில் அவன் இறந்தான். மகன் விசுவநாதன் சில ஆண்டுகளே நீடித்தான். 1300ஐ ஒட்டி நரசிம்மன் மகன் மூன்றாம் பல்லாளன் இரண்டு பாதியையும் ஒன்றாக்கினான்.

பிடித்த நாட்டைப் பல்லாளன் எப்படித் தனதாக்கிக்கொண்டான் என்பதுதான் எனக்குச் சுவையான பகுதி. 1301இல் ஓர் ஆணை பிறப்பித்தான். குந்தாணி ராஜ்யத்துக் கோயில்களை நிர்வகித்த தானத்தாருக்கும் மடாதிபதிகளுக்கும் விலாசமிட்ட ஆணை அது. நாடுகளின் பெயரை வரிசையாகச் சொல்லிவருகிறது. குவளால நாடு, அதாவது நம் கோலார், அதில் உண்டு. தேவதானங்கள் மீதிருந்த வரிகள் பலவற்றை நீக்கி, பூசையைக் குறைவில்லாமல் நடத்தச் சொல்கிறது. கன்னட அரசன்தான், ஆனால் ஆணை தமிழில். சித்தப்பன் வீட்டுக் குடிகளை அவர்கள் மொழியிலேயே தன் பக்கம் இழுத்தான். டென்மார்க்கில் வால்டமாரும் இதையேதான் வேறு விதமாகச் செய்தான்: 1170இல், கொலையுண்ட தன் தந்தையைப் புனிதராக அறிவிக்க வைத்து, அதே விழாவில் ஏழு வயது மகனுக்கு முடிசூட்டினான். வாளால் கிடைத்ததைக் கோயில் வாசலில் பதிவு செய்துகொள்ளும் வேலை இரண்டு இடத்திலும் நடந்திருக்கிறது.

பல்லாளனின் முடிவு கொடியது. சித்தப்பன் இழந்த அதே கண்ணனூரை முற்றுகையிட்டபோது, 1342 வாக்கில் மதுரைச் சுல்தானிடம் சிக்கினான். அவன் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைக் கண்டதாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். போசளர் கதை அதோடு ஏறக்குறைய முடிந்தது. மதுரைச் சுல்தானகத்தை ஒரு தலைமுறை கழித்து வீழ்த்தியவன் விஜயநகரத்துக் குமார கம்பணன். அவன் ஆட்சி செய்த ஊர், இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தொலைவிலுள்ள முளுபாகல்.