எல்லோருக்கும் தெரிந்ததை எழுதுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மைக்ரோப்ராசஸர் லேப் ஞாபகம் இருக்கிறதா? மூன்று பேருக்கு ஒரு 8085 கிட். தாளைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாகத் தட்டுவோம். 80 என்றால் கூட்டு, 76 என்றால் நில். முந்தைய பேட்ச் தட்டிவிட்டுப் போன எண்களைப் படித்து, "இவனுங்க என்ன ப்ரோகிராம் போட்டிருக்கானுங்க?" என்று கண்டுபிடிப்பது எங்கள் விளையாட்டு. அந்த விளையாட்டே பிற்பாடு என் பிழைப்பாயிற்று. அதற்குப் பெயர் ரிவர்ஸ் எஞ்சினியரிங். சோர்ஸ் தொலைந்துபோன பழைய இயந்திரத்தைப் பழுது பார்க்கவும், ஒரு வைரஸ் என்ன செய்கிறது என்று அறியவும் இந்த வித்தை வேண்டியிருக்கிறது.

இதற்கான கருவிகளில் ஒன்று கீட்ரா. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-ல் இலவசமாக வெளியிட்டது. இயந்திர எண்களை 'சி' மொழி போன்ற வடிவத்தில் காட்டும். முன்பு அதை நாம் இயக்கினோம். இப்போது ஏஐ ஏஜெண்ட் இயக்குகிறது. வேலையைச் சொன்னால் போதும், கருவிகளைத் தானே கூப்பிட்டு, விடை வாங்கி, முடிவு சொல்கிறது. அப்படிக் கூப்பிடுவதற்கான ஒரு பொது முறையை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்டது. அந்த ஏஜெண்ட்டுகள் படிக்க, கருவிகளுக்குக் குறிப்பேடு எழுதுவதுதான் இன்று என் வேலை.

அதில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

கொதிகலன் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே எஸ்டிஎம்32 வகைச் சிப். சோர்ஸ் இல்லை. சிப்பிலிருந்து எடுத்த ஃபைலை ஏஜெண்ட்டிடம் கொடுத்தோம். அழகான அறிக்கை வந்தது. "அதிக வெப்ப எச்சரிக்கை வாசகம் ஃபைலில் இருக்கிறது. ஆனால் எந்தப் பகுதியும் அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே அலாரம் செயலில் இல்லை." நானும் தலையாட்டினேன். புதிய பெட்டியில் அலாரத்தை விட்டுவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு போய்விட்டது.

எங்கள் ஜூனியர் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், பேஸ் அட்ரஸ் என்ன குடுத்தோம்?"

பூஜ்யம்! அந்தச் சிப்பில் ஃப்ளாஷ் நினைவகம் தொடங்குவது, ஹெக்ஸாடெசிமல் கணக்கில், 08000000. அந்த விவரம் இப்படிப்பட்ட வெறும் ஃபைலுக்குள் எழுதியிருக்காது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உள்ளே இருக்கும் முகவரிகள் எல்லாம் ஆளில்லாத வீட்டைக் காட்டும். வாசகம் ஓரிடத்தில், அதைத் தேடும் முகவரி வேறிடத்தில். சரியான முகவரி கொடுத்து மறுபடி ஓட்டினோம். அலாரம் இருந்தது, முழு உயிரோடு.

எங்களில் யாரும் இதில் தடுமாற மாட்டோம். முதல் எட்டு பைட்டைப் பார்த்தாலே கை தானாகச் சரியான எண்ணைப் போட்டுவிடும். குறிப்பேட்டில் நான் அதை எழுதவில்லை. ஏன்? "இது யாருக்குத்தான் தெரியாது?" என்ற நினைப்பு. தப்பு ஏஜெண்ட் மேல இல்லீங்க, என் மேலதான்.

பட்டறையில் புதிதாகச் சேரும் பையன் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான். ஏஜெண்ட்டுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. எழுதியது மட்டுமே அதற்குத் துணை. ஆகவே இப்போது ஒவ்வொரு கருவிக்கும் சில விஷயங்களைத் தவறாமல் எழுதுகிறேன். ஓட்டுவதற்கு முன் எதை நிச்சயப்படுத்த வேண்டும்? வெறும் விடை வந்தால் 'இல்லை' என்று அர்த்தமா, 'தேடிக் கிடைக்கவில்லை' என்று அர்த்தமா? எது ஃபைலில் உள்ளபடி, எது கருவியின் ஊகம்? மாறிகளின் வகை பெரும்பாலும் ஊகம்தான். ஃபங்ஷனுக்கு நாமே வைத்த பெயரைப் பிறகு நாமே சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கட்டளை வெறுமனே படிக்கும், எது சேமித்ததை மாற்றும்? ஃபைலுக்குள் "இதைச் செய்" என்று ஒரு வாசகம் கிடந்தால் அது தடயமே தவிர உத்தரவு அல்ல. கடைசியாக, சரியாக ஓடிய உதாரணத்தோடு, தவறிப்போன உதாரணம் ஒன்றும்.

தம்பி தங்கைகளே, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நம் ரிக்கார்டு நோட்டுதான் இது! நோக்கம், செய்முறை, முடிவு. நாங்கள் அதைப் பக்கத்து நண்பனைப் பார்த்து எழுதினோம். வராத ரீடிங்கையும் வந்ததாகப் போட்டு மார்க் வாங்கினோம். இன்று நீங்கள் எழுதுவதை அப்படியே நம்பி நடக்கும் வாசகன் வந்துவிட்டான். வராததை வரவில்லை என்றே எழுதுங்கள். எல்லோருக்கும் தெரிந்ததையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.