கொடுப்பார்க்கும் நோயுற்றார்க்கும் இடையே

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் மாதர் அரங்கில் ஆற்றிய உரை)

 

நம்மவருள் ஒருவரை இம்மேடையில் அறிமுகம் செய்யுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். மருத்துவர், பொறியாளர், இசைவாணர் எனப் பலரை இம்மேடை கண்டிருக்கிறது. நான் இன்று அறிமுகம் செய்யும் அம்மையாரின் தொழிலுக்கோ தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைபெறவில்லை. தலைநகரில் காசநோயாளர்க்குத் தொண்டு புரியும் அறநிறுவனம் ஒன்றில், நிதியுதவி வேண்டி விண்ணப்பங்கள் எழுதுவது அவர் வேலை. அக்கம்பக்கத்தார், "தரும ஆஸ்பத்திரியில் ஏதோ எழுத்து வேலை" என்பர். சிலர், "நன்கொடை வசூல்" என்பர். இரண்டும் முற்றிலும் பிழையல்ல; ஆயினும் போதா. தம் பெயரைச் சொல்லலாகாது என்பது அம்மையார் இட்ட நிபந்தனை. அவர் இவ்வவையில்தான் எங்கோ அமர்ந்திருக்கிறார், திரும்பிப் பார்க்காதீர்கள்!

காசநோய்க்கு மருந்தை அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. நோயாளியின் உணவுக்கென 2018 ஏப்ரல் முதல் திங்கள்தோறும் 500 ரூபாய் தந்துவந்தது. 2024 நவம்பர் முதல் அத்தொகையை 1000 ஆக உயர்த்தியது. அங்ஙனமாயின் தனியார் அறநிறுவனத்திற்குப் பணம் எதற்கு? இதே வினாவை நானும் அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்குச் சம்பளம்" என்றார்.

அவர் சொன்ன பதில் இது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு திங்கள் மருந்து உண்ண வேண்டும். இரண்டு திங்களில் இருமல் அடங்குகிறது, காய்ச்சல் நீங்குகிறது, பசி எடுக்கிறது. கூலிவேலைக்கு வந்த தொழிலாளி, "நலமாகிவிட்டேன்" என்று மருந்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுகிறான். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறக்கூடும். பின்னர் அவனுக்கு மட்டுமன்று, அவன் குழந்தைக்கும் அந்நோயே தொற்றலாம். ஆகவே அவன் குடிசைக்கு ஒருவர் வாரந்தோறும் செல்ல வேண்டும். மருந்து உண்டானா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு இல்லையேல் அதைத் திறக்க உதவ வேண்டும். ஊருக்குப் போகிறான் என்றால், அவ்வூர் மருத்துவ நிலையத்துக்கு முன்கூட்டியே செய்தி அனுப்ப வேண்டும். அப்படிச் செல்பவருக்கு ஊதியமும் பேருந்துக் கட்டணமும் வேண்டும் அல்லவா? மருந்துப் புட்டியைப் படம் பிடித்துக் காட்டலாம். ஒருவன் மருந்தை நிறுத்தாமல் இருந்தான் என்பதை எப்படிப் படம் பிடிப்பது? அதைச் சொற்களாலும் கணக்காலும் காட்டுவதே அம்மையாரின் தொழில்.

இதில் நமக்கு ஓர் உறவும் உண்டு. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நோயாளியைத் தனி மருத்துவமனையில் கிடத்தித்தான் குணப்படுத்த வேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களும் மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு ஈடாகக் குணமடைந்ததை அந்நிலையத்தார் 1959-இல் மெய்ப்பித்தனர். அவ்வாய்விற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் தோள் கொடுத்தன. நான்கு அமைப்புகளை ஒரு காரியத்தில் இணைக்க எத்தனை கடிதங்கள், எத்தனை வரவு செலவுத் திட்டங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்! ஆய்வு செய்தவர்களை நாம் போற்றுகிறோம். கடிதம் எழுதியவர்களை யாரும் கேட்பதில்லை.

முன்னாளில் மருத்துவரே பொருளும் திரட்டினார். ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் ஷெல் என்னும் வங்கியாளரிடம் பெற்ற 10,000 டாலரால் வேலூரில் எழுந்த மருத்துவமனை, 1902-இல் அவருடைய மறைந்த மனைவியின் பெயரால் திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954-இல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. இன்று கொடையின் வழிகள் பெருகிவிட்டன, சட்டங்களும் பெருகிவிட்டன. ஆகவே அது தனியொரு தொழிலாயிற்று.

அச்சட்டங்களில் இரண்டைச் சொல்கிறேன். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெருநிறுவனங்களை, முந்தைய மூன்றாண்டு இலாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமுதாயப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. இவ்விதி 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. மற்றொன்று வெளிநாட்டு நன்கொடை பற்றியது. 2020-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி அயல்நாட்டிலிருந்து வரும் பணம் முதலில் நம் நகரத்துப் பாராளுமன்றத் தெருவிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக்கே வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஐம்பது வரை செல்லலாம் என்றிருந்தது இருபதாகக் குறைக்கப்பட்டது. வந்த பணத்தை வேறொரு தொண்டு நிறுவனத்துக்குப் பகிர்ந்தளிக்கவும் தடை வந்தது. பெரிய நிறுவனத்தின் நிழலில் வாழ்ந்த சிறு குழுக்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. தணிக்கையும் கண்டிப்பும் வேண்டியவையே, நான் மறுக்கவில்லை. ஆயினும் கணக்கரின் சம்பளத்தை வீண் செலவாகவே காணும் மனப்பான்மை கொடையாளரிடம் மிகுதி என்பது என் கருத்து. வண்டி வாங்கித் தந்து, அதன் பக்கத்தில் தம் பெயரை எழுதச் சொல்வர். வண்டிக்கு ஓட்டுநர் வேண்டும் என்றால் முகம் சுளிப்பர்.

அம்மையாரின் தொழிலில் கடினமானது எழுத்தன்று. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நிறுவனம் ஒன்று (பெயர் வேண்டா) உதவ முன்வந்தது. விண்ணப்பத்தைப் படித்த அதிகாரி, "இவ்வளவு சிறிய எண்ணிக்கையை மேலிடத்தில் காட்ட முடியாது, இரு மடங்காக்குங்கள்" என்றாராம். கூடவே, நோயுற்ற குழந்தையின் படம் ஒன்றும் வேண்டுமென்றாராம். அம்மையார் களப்பணியாளரை அழைத்துக் கேட்டார். "அத்தனை வீடுகளுக்கு எங்களால் போக முடியாது, தீதி. பெயரை மட்டும் பதிவேட்டில் எழுதலாம்" என்று அவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். எண்ணிக்கையையும் மாற்றவில்லை, படத்தையும் தரவில்லை. அப்பணம் வேறிடம் சென்றது.

கதை இத்துடன் முடிந்தால் கைதட்டலாம். முடியவில்லை. அவ்வாண்டு களப்பணியாளர் இருவரை நிறுத்த நேர்ந்தது. அவர்களுள் ஒரு பெண், "உங்கள் உண்மைக்கு என் சம்பளமா விலை?" என்று கேட்டாளாம். அம்மையாரிடம் விடையில்லை. அப்பெண் சென்று வந்த வீடுகளை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். வாரம் ஒருமுறை என்றிருந்தது திங்களுக்கு இருமுறை ஆயிற்று. அவர் செய்தது சரி என்றே நான் எண்ணுகிறேன். பொய்யான எண்ணிக்கையால் வந்த பணம், பார்க்கப்படாத நோயாளியைப் பார்த்ததாகக் கணக்கில் மறைத்துவிடும். ஆனால் அச்சரியான செயலுக்கு விலை கொடுத்தவள் அப்பெண். அம்மையார் அதை மறக்கவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் அவள் ஊதியத்தையே முதல் வரியாக வைத்தார். வேறோர் இடத்திலிருந்து உதவி வந்தது. அவள் திரும்பி வந்தாள்; எட்டுத் திங்கள் கழித்து.

அவ்வுதவி வரும் மார்ச்சுத் திங்களுடன் முடிகிறது. புதிய விண்ணப்பம் போயிருக்கிறது. நான் பேசும் இந்நேரம் வரை விடை வரவில்லை.

உங்களிடம் என்ன கேட்கட்டும் என்று அம்மையாரை வினவினேன். பணம் கேட்பார் என்று எண்ணினேன். அவர் கேட்டது வேறு. உதவி தருவோர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கைக் காட்டச் சொல்கிறார்கள். நற்பணி செய்தும் கணக்கு எழுதத் தெரியாமல் வாயிலிலேயே நிற்கும் சிறு குழுக்கள் இந்நகரில் பல. நம் சங்கத்திலோ தணிக்கை அலுவலகங்களிலும் கணக்கு அலுவலகங்களிலும் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற மாமாக்களுக்குக் குறைவில்லை. அவர்கள் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் தந்தால் போதும் என்கிறார். நூலக அறை மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். விருப்பமுள்ளோர் சிற்றுண்டிக்குப் பின் பெயரை எழுதலாம். அம்மையாரும் அங்கே இருப்பார்.