அறிக்கை யார் கைக்குப் போகிறது?

செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர் எல்லோரும் இங்கே ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். தவறு நடந்த மறுநாள் நம் மருத்துவமனைகளில் இந்தக் காட்சியைக் காண முடியாது.

தவறுகளை ஊழியரே அறிவிப்பது என்ற நம் பொருளுக்கு முன்னோடி விமானத்துறை. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே இறங்க வந்த டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் வர்ஜீனியாவில் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். தரைக்கட்டுப்பாடு கொடுத்த அனுமதியை விமானிகள் வேறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆறு வாரம் முன்பு யுனைடெட் நிறுவன விமானம் ஒன்றும் அதே இடத்தில், அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. அந்தச் செய்தி மற்ற நிறுவனத்தாருக்கு எட்டவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் விமானத்துறை நிர்வாகமே அறிக்கைகளைக் கேட்டு வாங்க முன்வந்தது. உரிமத்தைப் பறிக்கக்கூடியவரிடமே போய் யார் சொல்வார்கள்? 1976இல் அந்த வேலை நாசாவிடம் போனது. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. ஆய்வாளர் படித்து முடித்ததும் பெயர் எழுதிய துண்டு மட்டும் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் இந்தச் சலுகை கிடையாது, அது சரிதான். டென்மார்க் 2004 முதல் மருத்துவமனைகளுக்கே இதைச் சட்டமாக்கியது: அறிவிப்பது ஊழியரின் கடமை, அறிவித்தார் என்பதற்காக அவர்மேல் நடவடிக்கை கூடாது.

நம் கேஷுவாலிட்டிக்கு வருவோம். இரவு இரண்டு மணி. கட்டிலுக்கு இரண்டு பேர். டாக்டர் வாயால் சொன்ன மருந்தை ஸ்டாஃப் காதால் வாங்கி ஊசியில் ஏற்றுகிறார். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் வேறொரு ஆம்பூலும் ஒரே தட்டில் கிடக்கின்றன. கை தவறான ஆம்பூலை எடுக்கிறது, கண் பார்த்துவிடுகிறது, திரும்ப வைத்துவிடுகிறது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இதை யாரும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் எழுத வேண்டியதில் முதலாவது இதுதான். ஊறு நேர்ந்தாலும் நோயாளி விடிவதற்குள் வார்டுக்குப் போய்விடுகிறார். மூன்றாம் நாள் அவருக்கு என்ன ஆனது என்பது ஊசி போட்டவருக்குத் தெரிவதே இல்லை. தெரிந்தாலும் ஒப்பந்தச் செவிலியர் எழுதுவாரா? எழுதினால் பதிலாக வருவது மெமோ.

எழுதச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டுப் பயனில்லை. மெமோ கொடுப்பவரும் அறிக்கையைப் படிப்பவரும் ஒருவராக இருக்கும்வரை அறிக்கைப் பெட்டி காலியாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் மகப்பேறு மரணத் தணிக்கை 1990களிலேயே வந்துவிட்டது. எங்கே தாமதம் என்று தேடியதால் பல உயிர்கள் பிழைத்தன. அதே கூட்டங்கள் விசாரணைக் கூண்டாகிவிட்டன என்று பின்னாளில் அரசு மருத்துவர்களே போராடும் நிலையும் வந்தது. நல்ல ஏற்பாடும் கைமாறினால் இப்படித்தான்.

இன்னொன்று. எழுதியவருக்குப் பதில் போக வேண்டும். தட்டு மாறியதா, ஆம்பூல் வேறு இடத்துக்குப் போனதா என்று அந்த வார்டிலேயே சொல்ல வேண்டும்.

பிற்பகலில் ஒரு படிவ வரைவு உங்கள்முன் வருகிறது. அதன் முதல் கட்டமே ‘அறிவிப்பவர் பெயர்’. அது அங்கே இருக்கலாமா என்று தாராளமாகச் சண்டை போடுங்கள். இப்போது முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.