வரிவடிவமும் குறியெண்ணும்: ஒரு பள்ளியின் கோப்புகள்



ஷா ஆலம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன்னர் நமக்கு ஓர் அழைப்பு வந்தது. 2020 ஜூனில் கல்வி அமைச்சின் டெலிமா தளம் அறிமுகமான பின்னர், நம் பள்ளிகளில் இணையவழி அலுவலகச் செயலிகள் பெருவழக்காயின அல்லவா? அப்பள்ளியும் பழைய கணினிகளில் இருந்த கோப்புகளைப் புதிய செயலிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. கணக்குப் பட்டியல்களும் மலாய்க் கடிதங்களும் பழுதின்றிச் சென்றன. தமிழ்க் கோப்புகளுள் பழையவை மட்டும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தன. ‘கெட்டுப்போனவை’ என்று ஒதுக்கி அவற்றை அழித்துவிட எண்ணியிருந்தனர். தோட்டம் மூடப்பட்ட காலத்தில் மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதிய கதைத் தொகுப்பு அவற்றுள் இருந்தது. அதைத் தட்டெழுதிய ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை.

அழிக்க வேண்டா என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொண்டோம்.

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டைக் கூறுவது நம் இலக்கண மரபு. கணினிக்குள் மூன்றாவதாக ஒன்று உண்டு, அது குறியெண். யூனிக்கோடு முறையில் தமிழுக்கு 1991 முதலே 2944 தொடங்கி 3071 முடிய 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதில் ககரத்தின் எண் 2965. ஆயினும் அம்முறை நம் பள்ளி மேசைகளுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை பாமினி போன்ற எழுத்துருக்களே கைகொடுத்தன. அவை ஆங்கில எழுத்துகளின் எண்களுக்குத் தமிழ் வடிவங்களை மாட்டிவிட்டவை. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டெழுதினால் கோப்பில் பதிவாவன ஜே, கே, பி, ஓ என்னும் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அருகில் ‘எழுத்துரு: பாமினி’ என்றொரு குறிப்பு இருக்கும். புதிய செயலியில் அந்த எழுத்துரு இல்லை. ஆதலால் அது உள்ளதை உள்ளபடியே காட்டியது. கோப்பில் ஓர் எண்ணும் தொலையவில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்னும் தரங்கள் வகுக்கப்பட்டதையும் மூத்த ஆசிரியர்கள் நினைவுகூர்வீர்கள். தரங்கள் வந்தன, பழைய எழுத்துருக்களும் போகவில்லை.

எழுத்து மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓர் இளம் ஆசிரியர் ஆர்வத்தோடு ஒரு கோப்பு முழுவதையும் படியெடுத்து அதில் ஒட்டினார். ஒட்டும்போது எழுத்துருவின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. அதன்பின் எது மலாய், எது பாமினித் தமிழ் என்று மாற்றிக்குத் தெரியாது. மலாய்ச் சொல்லாகிய ‘குரு’ அதாவது ஆசிரியர், ‘பரசர’ என்று வெளிவந்தது. மாணவரைக் குறிக்கும் ‘மூரிட்’ என்ன ஆயிற்று தெரியுமா? எம், யூ, ஆர், ஐ, டி என்னும் அதன் ஐந்து எழுத்துகளும் பாமினியில் முறையே அ, ர, ச, ஐகாரக் குறி, ன. வரிசை மாற்றிச் சேர்த்தால் ‘அரசனை’. இரண்டாம் வேற்றுமை உருபோடு! பிழை பிழைபோல் தோன்றாமையே இங்கு இடர். ‘பரசர’ கண்ணில் உறுத்தும், ‘அரசனை’ உறுத்தாது.

வரிசை மாற்றம் என்றோமே, அது மற்றொரு நுட்பம். ‘கொடி’ என்பதில் பழைய எழுத்துரு முதலில் ஒற்றைக்கொம்பையும் பிறகு ககரத்தையும் அடுத்துத் துணைக்காலையும், கையால் எழுதும் முறையில் வைக்கும். யூனிக்கோடு ககரத்தை முன்வைத்து ஒகரக் குறியைப் பின்வைக்கும். சில தட்டெழுத்தாளர்கள் ரகர மெய்க்குத் துணைக்காலும் புள்ளியும் இட்டிருந்தனர். தாளில் வேறுபாடு தெரியாது. மாற்றி அதனை உணராவிடில் ‘ஆசிரியர்’ என்று தேடும்போது அச்சொல் அகப்படாது. தடித்த எழுத்து மெலிவதும் அளவு குன்றுவதும் சிறு குறைகள். அலுவலகச் செயலிகள் தமிழைச் ‘சிக்கலான வரிவடிவம்’ என்று வகைப்படுத்தித் தனிப்பண்புகளாகச் சேமிப்பதால் வருபவை. சிக்கல் யாருடையது என்பது வேறு பேச்சு.

ஆகவே, மூலக் கோப்புகளை முதலில் படியெடுத்துத் தனியே வைத்தோம். பழைய கணினியில், பழைய செயலியிலேயே கோப்பைத் திறந்து, பாமினியில் உள்ள பகுதிகளை எழுத்துருவின் பெயரால் தேடிப் பிரித்து, அவற்றை மட்டும் மாற்றினோம். அதன்பின் இருவர் இருவராக ஆறாம் ஆண்டு மாணவர்கள் அமர்ந்தனர். ஒருவர் அச்சுப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்து ஒப்பிட்டார். மெதுவான வேலைதான், இதற்கு விரைவான வழி நமக்குத் தெரிந்து இல்லை.

அச்சுப்படி கிடைக்காத கதை ஒன்றும் இருந்தது. அதில் ‘விடியுமுன் பெரட்டுக்குப் போனோம்’ என்று வந்தது. மாற்றியின் பிழையெனக் கருதிய ஒரு மாணவி அதைப் ‘புரட்டு’ என்று திருத்தியிருந்தாள். மூலக் கோப்பின் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். ஒற்றைக்கொம்பு அங்கேயே இருந்தது. அன்று மாலை அவள் வீட்டில் பாட்டியிடம் கேட்டாள். மறுநாள் வந்து, பால்மரம் வெட்டப் போகுமுன் தண்டல் பெயர் கூப்பிட, ஆட்கள் இருட்டில் வரிசையாக நிற்பதுதான் பெரட்டு என்று வகுப்புக்கே விளக்கினாள். சொல்லைப் பழையபடியே வைத்துக் கோப்பைச் சேமித்தாள்.