ஓரேபு மலையில் ஒரு கேள்வி

(யூபிலி நவநாளில் ஆற்றிய மறையுரை)



நாம் வாழும் இந்நகரின் பெயரைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். தனித்தமிழ் வளர்த்த மறைமலை அடிகளின் பெயர் இது. வேதாசலம் என்ற தம் பெயரையே அவர் இவ்வாறு தமிழாக்கிக்கொண்டார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. நம் திருநூலிலும் ஒரு மறைமலை உண்டு. சீனாய் என்றும் ஓரேபு என்றும் அழைக்கப்படும் ஆண்டவரின் மலையே அது. அங்கே மோசே இறைவனின் மாட்சியைக் காண விரும்பியபோது, தாம் இரங்குகிறவர், எளிதில் சினங்கொள்ளாதவர் என்று தம் பண்பையே இறைவன் அவருக்கு அறிவித்தார்.

பல நூற்றாண்டுகளுக்குப்பின் அதே மலைக்கு வந்தவர் இறைவாக்கினர் எலியா. கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனியாக நின்றவர். வானத்து நெருப்பு இறங்கக் கண்டவர். அத்தகையவர், அரசி ஈசபேலின் மிரட்டலைக் கேட்டதும் உயிருக்கு அஞ்சி ஓடினார். பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, சாவு வரட்டும் என்று வேண்டினார்.

இறைவன் செய்ததைக் கவனியுங்கள். நேற்றைய விசுவாசம் இன்று எங்கே என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. உறங்க விட்டார். தூதரை அனுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். மீண்டும் உறங்க விட்டார். மீண்டும் உண்ணச் செய்தார். உணவு முதலில், உபதேசம் பிறகு!

இதை நாமே தாமதமாகத்தான் கற்றோம். 2022-இல் நம் நகரின் பெரிய கார் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியை நிறுத்திய நாட்களில், வேலையிழந்த சகோதரர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். நாம் யோபுவின் பொறுமையைப்பற்றி அரைமணி நேரம் எடுத்துரைத்தோம். அவரும் தலையசைத்துக் கேட்டுவிட்டு, "தோத்திரம் சாமி" என்று சொல்லிப் போய்விட்டார். அன்று காலை முதல் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது மறுநாள்தான் நமக்குத் தெரிந்தது. ஒரு டம்ளர் காப்பிகூட நாம் கொடுக்கவில்லை. எலியாவிடம் வந்த தூதர் நம்மைவிட நல்ல பங்குத்தந்தை!

உண்ட பலத்தால் எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபை அடைந்தார். பெருங்காற்று வீசியது, நிலம் நடுங்கியது, நெருப்பு எழுந்தது. அவற்றிலே ஆண்டவர் இல்லை. பின்னர் மெல்லிய ஒலி ஒன்று கேட்டது. எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார். கர்மேலில் நெருப்பால் பதில் அளித்தவர், இங்கே நொந்த மனிதனிடம் தணிந்த குரலில் பேசினார். இங்கே என்ன செய்கிறாய் என்று இருமுறை கேட்டார். தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எலியாவும் இருமுறை அதே பதிலைச் சொன்னார். இறைவன் முழுவதும் கேட்டார். பிறகே திரும்பிப் போகச் சொன்னார். செய்ய வேலை கொடுத்தார். எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். பாகாலுக்கு மண்டியிடாதவர் இன்னும் 7,000 பேர் உண்டு என்றும் அறிவித்தார். எலியா தனியாக இல்லை. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

அன்பர்களே, சூரைச்செடிகள் நம் தெருக்களிலும் உண்டு. இரவு ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் கண்ணயர்ந்து வரும் இளைஞன், ஊரைவிட்டு வந்து வாடகை அறையில் நெருக்கியடித்துத் தங்கும் ஒப்பந்தத் தொழிலாளி, ஞாயிறு பூசையில் பின்வரிசையில் தூங்கிவிடும் தகப்பன் ஆகியோரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? விசுவாசம் குன்றியவர் என்றா, களைத்துப்போன எலியா என்றா?

யூபிலி என்பது கொடியும் தோரணமும் மட்டுமன்று. லேவியர் நூலின்படி அது நிலம் இளைப்பாறும் ஆண்டு. அடிமைப்பட்டவன் தன் குடும்பத்திற்குத் திரும்பும் ஆண்டு. ஆகவே, இவ்வாண்டில் நம் அன்பியங்கள் ஒவ்வொன்றும் களைத்த ஒருவரைத் தேடிச் செல்லட்டும். முதலில் உணவு கொடுப்போம். அடுத்து அவர் சொல்வதைக் கேட்போம், ஒரே கதையை இருமுறை சொன்னாலும் கேட்போம். அதன்பின் பேசுவோம், அதுவும் மெல்லப் பேசுவோம். அப்போது மறைமலை என்ற பெயர் நம் ஊருக்கு இன்னொரு வகையிலும் பொருந்தும்.

ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.